தீயணைப்பு வீரர்களுக்கான குண்டு துளைக்காத பாதுகாப்புக் கருவிகள்

தீயணைப்பு வீரர்களுக்கான குண்டு துளைக்காத பாதுகாப்புக் கருவிகள் என்பன, ஆயுதம் ஏந்தியோர் பொதுமக்களைத் தாக்கிக்கொண்டிருக்கும் நிகழ்விடங்களில் தீயணைப்பு, மீட்பு, முதலுதவிப் பணிகளைச் செய்யும் வீரர்கள் அணியும் உடற்கவசம், தலைக்கவசம் முதலியவற்றைக் குறிக்கும். குருதிப்பெருக்கை நிறுத்தும் முதலுதவிப் பொருட்களும் பொதுவாக இவற்றுடன் சேர்த்தே வழங்கப்படுகின்றன. தாக்குபவரை எதிர்ப்பது இக்கருவிகளின் நோக்கம் அன்று. காயமடைந்தவர் உதவிக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதே நோக்கம் ஆகும். இந்தியாவில் இத்தேவையை வெளிப்படுத்திய முதன்மை நிகழ்வு 2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிகழ்ந்த மும்பைத் தாக்குதல் ஆகும்.

பின்னணி

நெடுங்காலமாகப் பெரும்பாலான நாடுகளில் ஒரே நடைமுறை பின்பற்றப்பட்டு வந்தது. ஆயுதத் தாக்குதல் நடக்கும் இடத்திற்கு வெளியே தீயணைப்பு வண்டிகளும் மருத்துவ ஊர்திகளும் நிறுத்தப்படும். காவல்துறையினர் தாக்குபவரை வீழ்த்தி, கட்டடம் முழுவதையும் சோதித்து, "இடம் பாதுகாப்பானது" என்று அறிவித்த பின்னரே மற்றவர்கள் உள்ளே செல்வர்.

இந்நடைமுறையின் குறையை 1999 ஏப்ரல் 20 அன்று ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு காட்டியது. அங்கு குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் இயன்ற முதலுதவி செய்தும், மருத்துவ உதவி வருவதற்குள் பல மணி நேரம் குருதி இழந்து இறந்தார். பெரிய தமனி ஒன்று அறுபட்டால் சில நிமிடங்களிலேயே மனிதர் இறக்கக்கூடும். கட்டடம் முழுவதையும் சோதித்து முடிக்கவோ மணிக்கணக்கில் ஆகலாம். இவ்விரு கால அளவுகளுக்கும் இடையில் உள்ள இடைவெளியே இக்கட்டுரைப் பொருளின் அடிப்படை ஆகும்.

மும்பை, 2008

2008 நவம்பர் 26 இரவு பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்குள் புகுந்து சத்திரபதி சிவாஜி தொடர்வண்டி முனையம், லியோபோல்டு உணவகம், தாஜ் மகால் விடுதி, ஓபராய் டிரைடெண்ட் விடுதி, நரிமன் இல்லம் உள்ளிட்ட இடங்களில் தாக்குதல் நடத்தினர். நவம்பர் 29 வரை நீடித்த இந்நிகழ்வில் 166 பேர் கொல்லப்பட்டனர்.

தாஜ் விடுதியின் 1903 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய கட்டடத்தில் தாக்குதலாளர்கள் அறைகளுக்குத் தீ வைத்தனர். இங்கு தீ தற்செயலாகப் பரவியதன்று. அதுவே ஓர் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டது. விருந்தினர்கள் பலர் மேல்தளங்களில் அறைகளைப் பூட்டிக்கொண்டு இருந்தனர். வெளியே வந்தால் குண்டு, உள்ளே இருந்தால் புகை என்ற நிலை அவர்களுடையது. மும்பைத் தீயணைப்புப் படையினர் ஏணிகளைச் சன்னல்களில் சார்த்தி முதல் இரவிலேயே ஏறத்தாழ 200 பேரை மீட்டனர். உள்ளே துப்பாக்கிச் சூடு தொடர்ந்துகொண்டிருந்தபோதே இப்பணி நடைபெற்றது.

ஏணியின் உச்சியில் நிற்கும் வீரர் மறைவிடம் ஏதும் இல்லாதவர். தீயின் வெளிச்சத்தில் அவர் தெளிவாகத் தெரிவார். அவரது வழக்கமான மேலங்கி வெப்பத்தையும் நீரையும் தடுக்குமேயன்றித் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. தேசியப் பாதுகாப்புப் படையினர் தில்லியிலிருந்து மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தனர். அதுவரை உள்ளூர்க் காவலரும் தீயணைப்பு வீரரும் கடற்படையின் சிறப்புப் படையினருமே களத்தில் இருந்தனர்.

அதே இரவில் மகாராட்டிரத் தீவிரவாத எதிர்ப்புப் படையின் தலைவர் ஹேமந்த் கர்கரே தலைக்கவசமும் குண்டு துளைக்காத அங்கியும் அணிந்து புறப்படும் காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது. சிறிது நேரத்தில் காமா மருத்துவமனை அருகே அவரும் உடன் சென்ற அதிகாரிகளும் கொல்லப்பட்டனர். அவ்வங்கியின் தரம் குறித்துப் பின்னர் நாடெங்கும் விவாதம் எழுந்தது. எந்தக் கவசம் எந்தக் குண்டைத் தடுக்கும், உடலின் எந்தப் பகுதியைக் காக்கும் என்ற கேள்விகள் இந்தியாவில் பொதுப் பேச்சுக்கு வந்தது இதன் பிறகே ஆகும்.

தீயும் துப்பாக்கியும் இணையும் தாக்குதல்கள்

தீயும் துப்பாக்கியும் ஒன்றாகப் பயன்படுத்தப்பட்ட நிகழ்வுகள் பிற நாடுகளிலும் உண்டு.

- 2012 திசம்பர் 24: ஐக்கிய அமெரிக்காவின் நியூ யார்க் மாநிலத்தில் உள்ள வெப்ஸ்டர் நகரில் ஒருவர் தீ வைத்துவிட்டு, அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களை மறைந்திருந்து சுட்டார். இருவர் இறந்தனர், இருவர் காயமுற்றனர்.
- 2017 சூன் 2: பிலிப்பீன்சின் மணிலாவில் ஒரு கேளிக்கை விடுதிக்குள் துப்பாக்கியுடன் நுழைந்தவர் தீ வைத்ததில் 37 பேர் இறந்தனர். பெரும்பாலோர் இறந்தது குண்டினால் அன்று, புகையினால் ஆகும்.
- 2025 சூன் 29: ஐக்கிய அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் வேண்டுமென்றே மூட்டப்பட்ட புதர்த்தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் சுடப்பட்டனர். இருவர் இறந்தனர்.

முதல் நிகழ்விலும் மூன்றாம் நிகழ்விலும் வீரர்கள் வழக்கமான தீ அழைப்பு என்று எண்ணியே சென்றனர். எனவே வண்டியில் கவசம் இருந்தால் மட்டும் போதாது. அதை அணிய வேண்டிய அழைப்பு எது என்பது முன்கூட்டியே தெரிவதில்லை என்பதும் ஒரு சிக்கல் ஆகும்.

கருவிகள்

ஆயுதத் தாக்குதல் நிகழ்விடத்திற்குச் செல்லும் மீட்பாளர் ஒருவருக்கான தொகுதியில் பொதுவாகப் பின்வருவன இருக்கும்.

- குண்டு துளைக்காத அங்கி: மார்பு, முதுகு, விலாப் பகுதிகளைக் காக்கும்.
- கடினத் தகடுகள்: அங்கியின் முன்னும் பின்னும் உள்ள பைகளில் செருகப்படுபவை.
- குண்டு தாங்கும் தலைக்கவசம்: சாதாரணத் தீயணைப்புத் தலைக்கவசம் விழும் பொருட்களிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் மட்டுமே காக்கும்.
- அடையாளம்: தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய பெரிய எழுத்துகளில் "தீயணைப்பு" அல்லது "மருத்துவம்" என்ற சொல். காவலர்கள் இவரைத் தாக்குபவராகத் தவறாக எண்ணாதிருக்க இது தேவை.
- முதலுதவிப் பை: கை கால்களில் குருதிப்பெருக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை, காயத்தில் திணிக்கும் துணி, அழுத்தக் கட்டு, மார்புக் காயத்தை மூடும் ஒட்டு.
- தூக்கிச் செல்லும் துணிப்படுக்கை, வானொலித் தொடர்புக் கருவி, கைவிளக்கு.

இத்தொகுதியில் ஆயுதம் இடம்பெறுவதில்லை.

செயற்படும் முறை

துப்பாக்கிக் குண்டின் தாக்கம் அதன் இயக்க ஆற்றலைப் பொறுத்தது. இயக்க ஆற்றல் நிறைக்கும் திசைவேகத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். ஏறத்தாழ 8 கிராம் நிறையுள்ள 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் சுமார் 520 சூல் ஆகும். அதே நிறையுள்ள ஏகே-47 வகைத் துப்பாக்கியின் 7.62 மில்லிமீட்டர் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 715 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது. அதன் ஆற்றல் சுமார் 2,050 சூல். அதாவது வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

இதனால் கவசங்கள் இருவகைப்படும்.

மென்கவசம் பல அடுக்கு இழைத்துணிகளால் ஆனது. குண்டு மோதும்போது இழைகள் அதைப் பற்றிப் பரப்பி, ஆற்றலைப் பரந்த பகுதிக்குக் கடத்துகின்றன. 1965 ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் இசுடெபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் இழை இவ்வகையில் புகழ்பெற்றது. மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கும். தாக்குதல் துப்பாக்கியின் குண்டுகளைத் தடுக்காது.

வன்கவசம் பீங்கான், எஃகு அல்லது அழுத்தப்பட்ட பாலிஎத்திலீன் தகடுகளால் ஆனது. அலுமினா, சிலிக்கன் கார்பைடு, போரான் கார்பைடு போன்ற பீங்கான்கள் குண்டின் முனையை நொறுக்கும். பின்னால் உள்ள இழை அடுக்கு சிதறல்களைப் பிடித்துக்கொள்ளும். மும்பையில் பயன்படுத்தப்பட்டவை போன்ற துப்பாக்கிகளுக்கு எதிரில் வன்கவசமே பயன் தரும்.

தரங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவகம் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட தரம் கவசங்களை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. அவற்றுள் மூன்று கைத்துப்பாக்கிக்கும் இரண்டு நீள்துப்பாக்கிக்கும் உரியவை. 2023 ஆம் ஆண்டில் வெளியான புதிய தரம் இவற்றைக் கைத்துப்பாக்கிக்கு இரண்டு, நீள்துப்பாக்கிக்கு மூன்று என மாற்றியமைத்தது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குண்டு துளைக்காத அங்கிகளுக்கான ஐ.எஸ். 17051 என்னும் தரத்தை 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதற்கு முன்னர் இத்தகைய அங்கிகளுக்கென நாடு தழுவிய இந்தியத் தரம் இருக்கவில்லை. கவசம் வாங்கும் எந்த அமைப்பும், "குண்டு துளைக்காதது" என்ற விளம்பரச் சொல்லை அன்றி, எந்தக் குண்டுக்கு எதிராக, எந்தத் தரப்படி சோதிக்கப்பட்டது என்பதையே கேட்க வேண்டியுள்ளது.

வெப்பமும் நீரும்

காவலர்களுக்காக உருவாக்கப்பட்ட கவசத்தை அப்படியே தீயணைப்பு வீரருக்கு அணிவித்தல் இயலாது. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது வெப்பம். தீயணைப்பு மேலங்கி வெளியுறை, நீர்த்தடை, வெப்பத்தடை என மூன்று அடுக்குகளைக் கொண்டது. நோமெக்சு போன்ற அராமிடு இழைகள் இதில் பயன்படுகின்றன. கெவ்லாரும் அராமிடு இனத்தைச் சேர்ந்ததே. அது உருகுவதில்லை, 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில்தான் சிதைகிறது. ஆனால் எடை குறைந்த கவசங்களில் விரும்பப்படும் பாலிஎத்திலீன் இழை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு முன்பே அது வலுவிழக்கத் தொடங்கும். எரியும் அறை ஒன்றில் இவ்வெப்பநிலை மிக எளிதில் எட்டப்படுவது ஆகும்.

இரண்டாவது நீர். அராமிடு துணி நனைந்தால் குண்டைத் தடுக்கும் திறன் குறைகிறது. எனவே கவச அடுக்குகள் நீர்புகா உறையினுள் வைத்துத் தைக்கப்படுகின்றன. உறை கிழிந்தால் அந்த அங்கியை நம்ப முடியாது.

மூன்றாவது எடை. மூச்சுக்கருவியுடன் சேர்த்துத் தீயணைப்பு வீரரின் வழக்கமான சுமையே 20 கிலோகிராமுக்கு மேல் ஆகலாம். தகடுகளுடன் கூடிய கவசம் இதனுடன் மேலும் பல கிலோகிராம்களைக் கூட்டும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் தமிழக நகரங்களில் இது வெப்பச் சோர்வை விரைவில் உண்டாக்கும்.

இக்காரணங்களால் பல நாடுகளில் தீ இல்லாத நிகழ்விடத்தில் மேலங்கியைக் கழற்றிவிட்டு, பணிச்சீருடையின் மேல் கவசத்தை அணியும் வழக்கம் பின்பற்றப்படுகிறது. தீயும் துப்பாக்கியும் ஒருங்கே உள்ள தாஜ் விடுதி போன்ற இடமே மிகக் கடினமானது. அங்கு இரண்டு பாதுகாப்பும் ஒரே நேரத்தில் தேவைப்படும்.

வலயங்களும் மீட்புக் குழுவும்

கவசம் எங்கும் செல்வதற்கான அனுமதி அன்று. நிகழ்விடம் மூன்று வலயங்களாகப் பிரிக்கப்படுகிறது.

- அபாய வலயம்: தாக்குபவர் இருக்கும் பகுதி. ஆயுதம் தாங்கிய காவலர்கள் மட்டுமே செல்வர்.
- இடை வலயம்: காவலர்கள் கடந்து சென்ற, ஆனால் முழுமையாகச் சோதிக்கப்படாத பகுதி. தாக்குபவர் இங்கு இல்லை என்று கருதப்படும், உறுதி இல்லை.
- பாதுகாப்பு வலயம்: மருத்துவ ஊர்திகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் நிற்கும் பகுதி.

குண்டு துளைக்காத கருவிகள் பெரும்பாலும் இடை வலயத்திற்கு உரியவை. இங்கு காவலர்கள் முன்னும் பின்னும் காக்க, கவசம் அணிந்த தீயணைப்பு அல்லது மருத்துவப் பணியாளர்கள் சிறு குழுவாக உள்ளே செல்கின்றனர். ஒவ்வொரு காயமுற்றோரிடமும் ஓரிரு நிமிடங்களே செலவிட்டு, குருதியை நிறுத்தி, மூச்சுப்பாதையைச் சரிசெய்து, அவரை வெளியேற்றுகின்றனர். விரிவான மருத்துவம் பாதுகாப்பு வலயத்தில்தான் நடைபெறும். இம்முறையை முதலில் வளர்த்தெடுத்தவற்றுள் ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஆர்லிங்டன் மாவட்டத் தீயணைப்புத் துறை குறிப்பிடத்தக்கது.

2013 ஆம் ஆண்டில் ஆர்ட்ஃபோர்டு நகரில் கூடிய அறுவை மருத்துவர்களும் காவல், தீயணைப்புத் துறையினரும் இதனை ஒரு பொதுக் கொள்கையாக வகுத்தனர். அச்சுறுத்தலை அடக்குதல், குருதிப்பெருக்கை நிறுத்துதல், விரைவாக வெளியேற்றுதல், மருத்துவ மதிப்பீடு, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் என்பன அதன் படிகள். 2016 ஆம் ஆண்டில் ஒர்லாண்டோ நகர இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்ட பின்னர், ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2018 மே மாதத்தில் இத்தகைய நிகழ்வுகளுக்கென 3000 என்னும் எண்ணுடைய தரத்தை வெளியிட்டது. திட்டமிடல், கருவி, பயிற்சி, நிகழ்வுக்குப் பிந்தைய மீட்சி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

மான்செஸ்டர், 2017

மும்பைத் தாக்குதலுக்குப் பின்னர் ஐக்கிய இராச்சியம், துப்பாக்கி ஏந்தியோர் நகர்ந்துகொண்டே தாக்கும் நிகழ்வுகளுக்கென மருத்துவ, தீயணைப்புத் துறைகளில் கவசம் அணிந்த சிறப்புக் குழுக்களை உருவாக்கியது. ஆயினும் 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் தற்கொலைக் குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்டபோது, தீயணைப்பு வண்டிகள் நிகழ்விடத்தை அடைய 2 மணி 6 நிமிடங்கள் ஆயின. அரங்கிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே தீயணைப்பு நிலையம் ஒன்று இருந்தது.

துப்பாக்கி ஏந்தியவர் நடமாடுகிறார் என்ற ஐயத்தால் வண்டிகள் வேறொரு நிலையத்திற்கு அனுப்பப்பட்டுக் காத்திருந்தன. காவல்துறைக் கட்டுப்பாட்டு அலுவலரைத் தீயணைப்பு அலுவலர்களால் தொடர்புகொள்ள இயலவில்லை. 2018 ஆம் ஆண்டின் கெர்சுலேக் அறிக்கை தகவல் தொடர்பு முறிவையும் மிகையான எச்சரிக்கையையும் காரணங்களாகச் சுட்டியது. 2022 நவம்பரில் வெளியான பொது விசாரணை அறிக்கை, இறந்தோருள் ஒருவர் உரிய சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று முடிவு செய்தது.

மும்பையில் வீரர்கள் குண்டைத் தடுக்காத உடையுடன் ஏணி ஏறினர். மான்செஸ்டரில் வீரர்கள் தகவல் இன்றிக் காத்திருந்தனர். ஒன்றில் குறைந்தது கருவி. மற்றொன்றில் குறைந்தது கட்டளை இணைப்பு. கருவியும் துறைகளுக்கிடையேயான ஒருங்கிணைப்பும் சேர்ந்தே பயன் தரும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. அரசியலமைப்பின் 12 ஆவது அட்டவணை இதனை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. எனவே கருவிகளும் பயிற்சியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. தீயணைப்பு அலுவலர்களுக்கான தேசியக் கல்லூரி நாக்பூரில் உள்ளது. தமிழ்நாட்டில் இப்பணியைத் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மேற்கொள்கிறது.

தமிழ்நாட்டில் 1998 பெப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் 11 இடங்களில் 12 குண்டுகள் வெடித்து 58 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த குண்டு எங்கே என்று தெரியாத நிலையில் மீட்பாளர்கள் பணிபுரிய நேர்ந்தது. இது இடை வலயத்தின் தன்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

மும்பைத் தாக்குதலின் விளைவாக 2009 ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்புப் படையின் வட்டார மையங்கள் சென்னை, மும்பை, ஐதராபாத்து, கொல்கத்தா ஆகிய நகரங்களில் அமைக்கப்பட்டன. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி சாலை வழியே ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே அங்கு ஒரு பெருநிகழ்வு ஏற்பட்டால், தொடக்க நேரத்தில் களத்தில் இருக்கப்போவோர் உள்ளூர்க் காவலரும் தீயணைப்பு வீரருமே ஆவர்.

திருச்சிராப்பள்ளியின் நில அமைப்பும் கருதத்தக்கது. தொடர்வண்டிச் சந்திப்பு, மன்னார்புரம் ஆகியன காவிரிக்குத் தெற்கே உள்ளன. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் உள்ளது. நகரிலிருந்து கூடுதல் வண்டிகள் பாலங்களைக் கடந்தே அங்கு செல்ல வேண்டும். ஏழு திருச்சுற்றுகள் கொண்ட அரங்கநாதர் கோயிலில் வைகுண்ட ஏகாதசி நாளில் மிகப் பெருங்கூட்டம் கூடுகிறது. மதில்களும் கோபுர வாயில்களும் மக்கள் வெளியேறும் வழிகளையும் மீட்பாளர் நுழையும் வழிகளையும் வரையறுக்கின்றன. இத்தகைய இடத்தில் எந்த வாயில் வெளியேற்றத்திற்கு, எந்த வாயில் மீட்பாளருக்கு என்பதை முன்னரே பிரித்து வைப்பது கவசத்தைப் போலவே இன்றியமையாதது.

ஸ்ரீரங்கத்தில் 2004 சனவரி 23 அன்று திருமண மண்டபம் ஒன்றில் பந்தல் தீப்பற்றி மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது விபத்தே ஆயினும், நெருக்கமான கூட்டத்தில் சில நிமிடத் தாமதம் எத்தனை உயிர்களை எடுக்கும் என்பதை அது அப்பகுதி மக்களுக்கு உணர்த்தியது.

விமர்சனங்கள்

இக்கருவிகள் குறித்து மாற்றுக் கருத்துகளும் உள்ளன.

- அரிதாக நிகழும் ஒன்றுக்காகப் பெருந்தொகை செலவிடுவதைவிட, அன்றாடம் தேவைப்படும் மூச்சுக்கருவி, மேலங்கி, ஏணி ஆகியவற்றை முதலில் நிறைவு செய்ய வேண்டும் என்பது ஒரு கருத்து.
- கவசம் அணிந்த தீயணைப்பு வீரர் காவலரைப் போலத் தோன்றுவதால், நடுநிலையான மீட்பாளர் என்று மக்கள் அவர்மீது வைத்துள்ள நம்பிக்கை குறையலாம்.
- கவசம் பொய்யான துணிவை அளித்து, செல்லக்கூடாத இடத்திற்கு வீரரை இட்டுச் செல்லலாம். கழுத்து, தோள், கை, தொடை ஆகியன பெரும்பாலும் மறைக்கப்படுவதில்லை.
- கவசங்களுக்குக் கால எல்லை உண்டு. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் மென்கவசத்திற்கு ஐந்து ஆண்டுகளே உறுதியளிக்கின்றனர். கீழே விழுந்த பீங்கான் தகட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம்.
- உடல் அளவுக்குப் பொருந்தாத அங்கி, குறிப்பாகப் பெண் வீரர்களுக்கு, பாதுகாப்பையும் இயக்கத்தையும் குறைக்கும்.

இவற்றுக்கு விடையாக, எல்லோருக்கும் தனித்தனியே வழங்காமல் வண்டி ஒன்றுக்குச் சில தொகுதிகள் என வைத்துப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை பின்பற்றப்படுகிறது. முதலுதவிப் பையின் செலவு கவசத்தை ஒப்பிட மிகக் குறைவு. இறுக்குப் பட்டையைக் கட்டுவதற்கான பயிற்சியைப் பொதுமக்களும் சில மணி நேரத்தில் பெற முடியும். மும்பையிலும் கொலம்பைனிலும் காயமுற்றோர் அருகில் முதலில் இருந்தவர்கள் கவசம் அணிந்த எவரும் அல்லர். அங்கிருந்த மக்களே ஆவர்.